முன்னுக்குப் பின்

எங்கள் வீட்டில் தமிழ்
காவடிக்கும் கருமாதிக்கும் மட்டும் வெளியே வரும்,
பட்டுச்சேலை மாதிரி.
சண்டை, கடன், கரண்ட் பில் எல்லாம் ஆங்கிலத்தில்தான்.
அதனால் தமிழ் பொய் சொல்லி
நான் கேட்டதே இல்லை.

போன பிப்ரவரி,
சாட்ஸ்வர்த் முழுக்க மின்சாரம் போன ஒரு ராத்திரி
கைபேசி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
அதற்குள்ளிருந்து ஒருத்தி
"அக்கா" என்றாள்.
கன்னத்தில் கருமை இருக்கா அக்கா?
இருபத்தெட்டே நாள். சுத்த மூலிகை.

வேலை பார்க்கும் கடையில் நான் நாலாம் நம்பர் கல்லா.
பஸ்ஸில் ஆன்ட்டி.
அக்கா என்று கூப்பிட
இந்த ஊரில் எனக்கு ஆளில்லை.
மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் போய்த் தேடினேன்.
அவள் சொன்ன பிறகு
இருந்தது மாதிரியும் இருந்தது.
அறுநூற்றைம்பது ராண்ட். கட்டினேன்.

மருக்கொழுந்து வாசனை.
மூன்றாம் வாரம் கன்னம்
அடிப்பிடித்த பாலின் ஏடுபோல உரிந்தது.
கிளினிக்கில் நர்ஸ் டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை,
எட்டத்தில் வைத்தாள்.
பாதரசமாக இருக்கும் என்றாள்,
என்னமோ நான் காய்ச்சியது மாதிரி.

கம்பெனிக்கு எழுதினேன்.
தமிழிலேயே எழுதினேன், வெட்கப்படுவார்கள் என்று.
தம்பி கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று,
ஏப்ரலில் எடுத்த படம் ஒன்று.
சனிக்கிழமை வகுப்பில் படித்த கோணல் எழுத்தில்
ஒன்றின் கீழ் "முன்"
ஒன்றின் கீழ் "பின்".
கூப்பிய கைகளோடு பதில் வந்தது:
உங்கள் நம்பிக்கைக்கு நன்றி அக்கா.

டர்பன் அலுவலகத்தில் நொமுசா என்று ஓர் அதிகாரி.
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
தபால் பெட்டி துபாயில்,
பணம் போனது ஹாங்காங்குக்கு,
கோயம்புத்தூர் என்று போட்ட முகவரியில்
இருப்பது டயர் கடை.
"இங்கே கடை வைத்திருந்தால்
நாளைக்கே பூட்டு போடுவேன்" என்றாள்.
"இப்போது மூன்று நாட்டுக்குக் கடிதம் போடலாம்.
ஒருத்தர் பதில் எழுதினாலும் அதிசயம்."
சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து
கோகிலவாணிக்கு எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தாக.

ஆகஸ்டில் பிரவாணி ஒரு விளம்பரம் அனுப்பினாள்.
அத்தை, இது நீயா?

நான்தான்.
அதே கல்யாணச் சேலை, அதே தோடு.
இடப்பக்கம் உரிந்த முகம்,
வலப்பக்கம் கல்யாண முகம்.
முன், பின் என்ற என் கோணல் எழுத்தைக்கூட
வெட்டி எடுத்து இடம் மாற்றி ஒட்டியிருந்தார்கள்.
கீழே:
கோகிலவாணி, தென்னாப்பிரிக்கா. இருபத்தெட்டே நாளில்!
பெயரில் ஒரு பிழை இல்லை.

கோபப்படக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு படமும் நிஜம்.
நடுவில் நான் அழுத நாட்களைத்தான்
திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அந்த வாரமே மொரீஷியஸிலிருந்து ஓர் அழைப்பு.
ரோஸ்ஹில்லில் யாரோ தேவயானியாம்,
பெயரை வைத்து என்னைத் தேடிப் பிடித்தாளாம்.
பாதி கிரியோல், பாதி தமிழ்.
"அக்கா, அந்தப் படம்... நிஜமா?"

அந்த "அக்கா"வுக்கும் முதலில் பயந்தேன்.

"வலமிருந்து இடமாப் பாரும்மா" என்றேன்.

வெகுநேரம் சத்தமில்லை.
அவள் வீட்டில் பிரஷர் குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது.

"பணம் கட்டிட்டேன் அக்கா.
பார்சல் போர்ட் லூயி சுங்கத்துல இருக்கு."

"எடுக்கப் போகாதே.
ரசீதை மட்டும் பத்திரமா வை.
ஒரு நம்பர் தரேன், எழுதிக்கோ."

பேனா தேடும் சத்தம்.
ஓர் இழுப்பறை,
இன்னோர் இழுப்பறை.